‘தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்’ என்ற பதில் குறித்து: கடலூர் மாவட்ட மூத்த வழக்கறிஞர்களுக்கு ஒரு ஜூனியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூத்த வழக்கறிஞர்களுக்கு,

கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்த வாரத்தில் நாங்கள் 11 ஜூனியர்கள் கையெழுத்திட்டு வழக்கறிஞர் சங்கத்திடம் ஒரு மனு கொடுத்தோம். இரண்டே பக்கம். ஜூனியர்களுக்கு மாதம் பிறந்தால் ஒரு தொகை நிச்சயமாகக் கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்டிருந்தோம். நாலு மாதம் கழித்து, போன வாரம், வாய்வார்த்தையாகப் பதில் வந்தது. சீனியருக்கும் ஜூனியருக்கும் நடுவே உள்ள பணவிஷயத்தில் யாரும் தலையிட முடியாதாம். கூடவே ஒரு வரி: “இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையெல்லாம் யோசிச்சிருக்கணும்.”

அந்த வரியைக் கேட்டுவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எந்த ஊர் நீதிமன்றம், எந்த அலுவலகம், பதில் சொன்னவர் யார் என்று இதில் எழுதப்போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் கிடையாது. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி, திட்டக்குடி என்று எங்கே போய் ஜூனியர்களைக் கேட்டாலும் கதை ஏறக்குறைய இதுதான். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் யோசிக்காமல் வரவில்லை. குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் முந்திரி. வண்டிப்பாதை ஒன்றுக்காக அப்பா ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். என்ன நடந்தது என்று கேட்டால், “தள்ளி வச்சிருக்காங்க” என்பார். ஏன் தள்ளி வைத்தார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பள்ளிக்கூடத்திலேயே இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன். குரூப் 4 எழுது, பேங்க் பரிட்சை எழுது என்று வீட்டில் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தேன். 2022 டிசம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன். அன்றைக்குப் பதிவுக் கட்டணம் பல ஆயிரம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பதிவுக்குச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களின் அம்மாக்களுக்காவது தோடு மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் யோசிக்காதது ஒன்று உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை வேலை வாங்கும் ஒருவர், மாதக் கடைசியில் ஒன்றும் தராமல் இருப்பது இங்கே வழக்கம் என்று எனக்குத் தெரியாது. கல்லூரியில் அப்படி ஒரு பாடம் இல்லை.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் டைரியைப் பார்த்து அன்றைய வழக்குக் கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். முன்சீப் கோர்ட்டில் அழைக்கும் நேரத்தில் சார்பு நீதிமன்றத்திலும் அழைப்பார்கள். ஓடிப்போய் “சீனியர் வேற கோர்ட்டுல இருக்காங்க, பாஸ் ஓவர் குடுங்க” என்று, வழக்கைக் கொஞ்சம் கழித்து அழைக்கும்படி கேட்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட மனுவில் என்ன குறை என்று பார்த்துச் சரிசெய்து மறுபடி போட வேண்டும். நகல் மனுவுக்கு அலைய வேண்டும். மாலையில் அலுவலகத்தில் கட்சிக்காரர்கள், அதாவது வழக்கோடு எங்களிடம் வருகிறவர்கள், சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். இரவு வீட்டுக்குப் போய், தவணையில் வாங்கிய என் லேப்டாப்பில், என் போன் டேட்டாவில் இ-ஃபைலிங். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் வந்தபோது பழைய பிரிவுக்கும் புதிய பிரிவுக்கும் ஒப்பீட்டு அட்டவணை போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டியதும் நான்தான். இதில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இத்தனையும் செய்கிறவளுக்கு முதல் வருடம் முழுக்கக் கிடைத்தது, வெளியூர் கோர்ட்டுக்குப் போகும் நாளில் 200 ரூபாய், தீபாவளிக்கு 2,000 ரூபாய். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால்தான் இரண்டாம் மாதத்தோடு நிற்காமல் இருந்தேன். என்னோடு சேர்ந்த பையனுக்கு அந்த வசதியும் இல்லை. எட்டாவது மாதம் அவன் வரவில்லை.

“பக்கத்துல வேற ஏதாவது வேலை பாத்துக்க வேண்டியதுதானே” என்கிறீர்கள். பார் கவுன்சில் விதி 49 உங்களுக்குத் தெரியாததா? வழக்கறிஞராகத் தொழில் செய்யும் வரை எங்கும் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. விதி ஒரு கதவைச் சாத்துகிறது, வழக்கம் மற்றொன்றைச் சாத்துகிறது. நடுவில் நிற்கிறவன் வீட்டில் காசு இருந்தால் நிற்பான், இல்லாவிட்டால் போய்விடுவான்.

ஒருமுறை ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தொகை வந்தபோது, கணவரை இழந்த அந்த அம்மா என் கையில் 500 ரூபாயை வைத்து மடக்கினார்கள். “நீதான் கண்ணு ஒவ்வொரு தடவையும் வெளக்கமா சொன்ன” என்றார்கள். கட்சிக்காரர் கொடுத்ததைச் சீனியரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது தப்பு என்று கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் பைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. என் தங்கை கல்யாணத்துக்கு வந்து பெரிய மொய் எழுதியவர். அந்த 500 எனக்கு வேண்டியிருக்கும் என்பது அவர் மனதில் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது.

“நாங்களும் அப்படித்தான் வந்தோம்” என்பதுதான் நீங்கள் எப்போதும் சொல்லும் பதில். சீனியர் வீட்டுத் திண்ணையில் படுத்து, அவர் வீட்டில் சாப்பிட்டு, பைல் தூக்கிக் கற்றுக்கொண்டோம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையிலேயே ஒரு வேளைச் சோறும் ஒரு திண்ணையும் இருக்கின்றன. எங்களுக்கு அதுவும் இல்லை. இன்னொன்றையும் கேட்கிறேன். உங்களோடு ஒரே நாளில் பதிவு செய்தவர்களின் குழுப் படம் உங்களில் பலரிடம் இருக்கும். அதில் எத்தனை பேர் இன்று உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள்? வராமல் போனவர்கள் எல்லோரும் திறமை இல்லாமலா போனார்கள்? அவர்களில் நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வந்து சேர்ந்தவர்கள் சொல்லும் கதை மட்டும்தான் இதுவரை நம் காதில் விழுந்திருக்கிறது.

இது சங்கத்துக்கும் சட்டத்துக்கும் அப்பாற்பட்ட தனிப்பட்ட விஷயம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், நம் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில்தான் இதைப் பேசியது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. உதவித்தொகை தராமல் வேலை வாங்குவது சுரண்டல் என்றும் சொன்னது. ‘மற்ற மாவட்டங்கள்’ என்பதில் கடலூரும் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று, ஜூனியர் சீனியரிடம் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது மூன்று வருடத்துக்குத் தரும்படி சுற்றறிக்கை விட்டது. “அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை” என்று எங்கள் மனுவைப் படித்த ஒருவர் விரலால் தட்டிக் காட்டினார். உண்மைதான். இதே மேசையில் கூலி பாக்கி வழக்கோடு வரும் தொழிலாளிக்காக, எழுத்தில் இல்லாத உரிமையைக் கூட நீங்கள் வாதாடி வாங்கித் தந்திருக்கிறீர்கள். அந்த வாதங்களைக் குறிப்பெடுத்தது நான்.

2025 மே 20 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை இன்னும் கனமாக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பின்படி இனி உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருடம் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். தீர்ப்பு வந்த அன்று பார் அறையில், வழக்கறிஞர்கள் கூடும் இடத்தில், எல்லோரும் வரவேற்றுப் பேசினீர்கள். நானும் வரவேற்றேன். வராந்தாவில் நாள் முழுக்கக் காத்துக் கிடக்கும் கட்சிக்காரரைப் பார்க்காதவர் மேடையில் உட்காரக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் சம்பளம் இல்லாத மூன்று வருடத்தை யாரால் தாங்க முடியும்? தாங்க முடிந்த வீட்டிலிருந்து மட்டும்தான் இனி நீதிபதிகளும் வருவார்கள். முன்பெல்லாம் வழக்காட வழியில்லாத பிள்ளை படித்து முடித்த கையோடு நேராகத் தேர்வு எழுதி நீதிபதியாகலாம். அந்த ஒரு பாதையும் இப்போது உங்கள் அலுவலக வாசல் வழியாகத்தான் போகிறது.

தொழில் செய்ததற்கான சான்றிதழை நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தர வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். நடைமுறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் மூன்று வருடம் உழைத்தது உண்மையாகும். “இப்ப போயிட்டா சர்டிபிகேட்டுக்கு என்கிட்டதான் வரணும்” என்று ஒரு சீனியர் தன் ஜூனியரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்தப் பையன் மறுபேச்சுப் பேசாமல் கட்டை எடுத்துக்கொண்டு நடந்தான்.

எங்களைப் போன்றவர்கள் போய்விட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு வழக்கைச் சொல்கிறேன். முடிந்துபோன வழக்கு, ஊர் பெயர் வேண்டாம். எல்லைத் தகராறு. உட்பிரிவு செய்யாத சர்வே எண்ணில் பாதியை வாங்கியவர் நம் கட்சிக்காரர். புலப்படம் என்ற சர்வே வரைபடத்தைப் பார்த்து அந்தப் பாதியைப் பிரிக்க முடியாது. பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நாலு எல்லை விவரத்தில், மேற்கு எல்லை ‘முந்திரி வரிசை’ என்று இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் அந்த வரிசை சாய்ந்துவிட்டது. பிறகு இரண்டு தரப்பும் தங்கள் இஷ்டத்துக்குக் கன்று நட்டிருந்தார்கள். நிலத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த கமிஷனரும் சர்வேயரும் வந்த அன்று சீனியருக்குப் பதிலாக நான் போனேன். சர்வேயர் சங்கிலியை வைத்துக்கொண்டு எங்கிருந்து பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

எனக்குத் தெரிந்தது. புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் நட்டதெல்லாம் பெரும்பாலும் ஒட்டுக் கன்று. அதற்கு முன்னால் இருந்தது விதை போட்டு வளர்ந்த நாட்டு மரம். கிளை தாழ்ந்து படர்ந்திருக்கும் விதத்திலேயே முந்திரிக்காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும். புயலன்று எனக்குப் பதினொரு வயது. விடிந்து அப்பாவோடு போய் எங்கள் மரங்கள் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். அந்த நிலத்தில் ஒட்டு மரங்களுக்கு நடுவே மூன்று நாட்டு மரங்கள், சாய்ந்தவை சாய்ந்தபடியே வேர் பிடித்து மறுபடி துளிர்த்து நின்றன. மூன்றின் அடியும் ஒரே கோட்டில். கமிஷனரிடம் காட்டி, வரைபடத்தில் குறிக்கச் சொல்லி மெமோ கொடுத்தேன். எதிர்த்தரப்புச் சாட்சியின் குறுக்கு விசாரணையில் சீனியர் அந்த மூன்று மரங்களைத்தான் முதலில் கேட்டார். சாட்சியால் மறுக்க முடியவில்லை. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது.

அந்தக் கட்டின் வக்காலத்தில் என் பெயர் இல்லை. கட்சிக்காரர் கொடுத்த கட்டணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது அன்றைய 200 ரூபாய்.

இந்த மாவட்டத்தில் வரும் வழக்குகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். நெய்வேலியைச் சுற்றிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீட்டு வழக்கு, கடற்கரைச் சாலை விபத்து, படகு வாங்கிய கடனுக்கான காசோலை வழக்கு, முந்திரித் தோப்புப் பாகப்பிரிவினை. இந்த மக்களின் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் வழக்கறிஞர் தொழிலில் இல்லாமல் போனால், அந்த மூன்று மரத்தை யார் பார்ப்பது?

வரும் டிசம்பரோடு எனக்கு மூன்று வருடம் முடிகிறது. எந்தப் பக்கம் போவது என்று இப்போது நான் முடிவு செய்ய வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் உதவி வழக்கறிஞராகச் சேர மூன்று வருடம் வரை அனுபவம் உள்ளவர்களை எடுக்கிறார்கள். மாதம் பிறந்தால் பணம் வரும், குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக நிற்கலாம். ஒப்பந்த வேலை, சொந்த வழக்கு எடுக்கக் கூடாது, சிவில் கை விட்டுப் போகும். அரசு உதவி வழக்கு நடத்துநர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும், இன்னும் இரண்டு வருடத்துக்குச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும். சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலைக்குத் தோழி கூப்பிடுகிறாள். இன்று உங்களில் யார் தரும் தொகையையும்விடப் பல மடங்கு. பதிவை நிறுத்தி வைத்துவிட்டு, கவுனை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சும் ஓடுகிறது. “மூணு வருசமா ஒண்ணும் சம்பாதிக்கல, எதுக்கு இன்னும்” என்று பெரியம்மா கேட்கும்போது அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்கு இங்கேயே நிற்க வேண்டும். சிவில் பக்கம், இந்த மாவட்டத்தில், என் பெயரில் ஒரு பலகை மாட்டி. ஒருநாள் மதியம், வழக்கு இல்லாத நேரத்தில், சீனியர் ஒரு வில்லங்கச் சான்றை விரித்து வைத்து 40 வருடப் பரிவர்த்தனையை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றது ஐந்து வருடப் படிப்பில் கிடைக்கவில்லை. உங்களிடம் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாச் சீனியரும் வசதியானவர்கள் இல்லை என்பதையும் அறிவேன். நடுவர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனுவை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் 20 வருட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 15,000 கேட்பது நியாயம் ஆகாது. நான் கேட்பவை இவை.

முதலில், எங்கள் மனுவுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பொங்கலுக்குள் பொதுக்குழுவில் வையுங்கள், ஜூனியர்களில் இரண்டு பேரைப் பேச விடுங்கள், என்ன முடிவானாலும் தீர்மானமாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

15,000 ரூபாய் தர முடிந்தவர்கள் அடுத்த மாதத்திலிருந்து தாருங்கள். முடியாதவர்கள் எவ்வளவு முடியும் என்பதை ஜூனியர் சேரும் முதல் நாளே சொல்லுங்கள். இரண்டு மூன்று சீனியர்கள் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொண்டு தொகையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தொகை சிறியதாக இருந்தாலும் மாதம் தவறாமல் வங்கிக் கணக்கில் வர வேண்டும். அரசு இளம் வழக்கறிஞர்களுக்குத் தரும் மாதம் 3,000 ரூபாயைக் காட்டி உங்கள் பங்கைத் தட்டிக் கழிக்காதீர்கள். இ-ஃபைலிங்கும் ஜெராக்ஸும் அலுவலகச் செலவு, எங்கள் செலவில்லை.

ஜூனியர் வேலை செய்யும் ஒவ்வொரு கட்டிலும் வக்காலத்தில் அவர் பெயரையும் சேருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு வழக்கையாவது, சின்னதாக இருந்தாலும், சாட்சி விசாரணை முதல் வாதம் வரை எங்கள் கையில் கொடுத்து, பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

மூன்று வருடம் முடித்தவருக்குக் கேட்ட ஏழு நாளில் சான்றிதழ் தாருங்கள், அவர் எந்த அலுவலகத்துக்குப் போகிறவராக இருந்தாலும், உங்களோடு மனக்கசப்பு இருந்தாலும். மறுத்தால் முறையிட, மூத்த பெண் வழக்கறிஞர் ஒருவரும் இருக்கும் மூவர் குழு அமையுங்கள்.

மனுவில் கையெழுத்திட்ட 11 பேரில் இரண்டு பேர் இந்த நாலு மாதத்தில் போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேரும் திங்கட்கிழமை காலை பார் அறையில் இருப்போம். நீங்கள் கூப்பிட்டால் பேச வருகிறோம்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்தில் தொழில் செய்யும் ஒரு ஜூனியர் வழக்கறிஞர்